பொறு ஆசானும் டப்பென்று நின்ற காரும்

ஒரு காரைச் சரியாக்க அந்தக் கார் தேவையே இல்லை, அதன் சொந்தக்காரன் வந்தால் போதும் என்று நம்புகிற ஒரே மெக்கானிக் இந்த உலகத்தில் பொறு ஆசான்தான். மற்ற மெக்கானிக்குகள் முதலில் போனட்டைத் திறப்பார்கள். இவர் முதலில் வண்டிக்காரனைத் திறப்பார். உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். போனட்டுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான்.

பனச்சமூட்டில் பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே தகரக்கூரை போட்ட ஒரு வொர்க்‌ஷாப். பெயர்ப்பலகை கிடையாது. கேரள நம்பர் வண்டியும் தமிழ்நாட்டு நம்பர் வண்டியும் அங்கே எந்த வழக்கும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் பழுதாகிக் கிடக்கும். எங்கள் பக்கத்தில் வொர்க்‌ஷாப் நடத்துகிறவரை ஆசான் என்றுதான் சொல்வது. இந்த ஆசானிடம் யார் எந்த அவசரத்தோடு போனாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் சொல் "பொறும்". அதனால் பொறு ஆசான். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். இருபது வருடப் பழக்கத்தில் எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய பின்சீட் ஒன்று கூரைக்குக் கீழே தரையில் கிடக்கும். வருகிறவர் அதில் உட்கார வேண்டும். ஆசான் எதிரே ஒரு டயர் மேல் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்குவார். செல்ஃப் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா? சுற்றுகிறது என்றால் சுறுசுறுப்பாகவா, சோம்பலாகவா? அப்போது லைட்டைப் போட்டால் மங்குகிறதா? வண்டி தணுத்துக் கிடக்கும்போது மக்கர் செய்கிறதா, ஓடிச் சூடான பிறகா? கடைசியில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "வண்டிய நீரு என்ன செய்தீரு?"

ஒன்றும் செய்யவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒன்றும் செய்யாதவன் வண்டி ஒருநாளும் கெடாது என்பது ஆசானின் வேதாந்தம்.

ஒருமுறை, நாங்கள் அய்யர் என்று அழைக்கிற எங்கள் சபைப் போதகரின் கார் ஸ்டார்ட் ஆகாமல் கட்டி இழுத்து வரப்பட்டது. செல்ஃப் ஜோராகச் சுற்றியது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. வண்டியை ஒன்றும் செய்யவில்லை என்று போதகர் சொன்னார். பொய் சொல்லக் கூடாத தொழில் அவருடையது. ஆனாலும் ஆசான் விடவில்லை. அரைமணி நேரக் குறுக்கு விசாரணையில் உண்மை வந்தது. கிறிஸ்துமஸ் வருகிறதே என்று வாலிபர் சங்கப் பிள்ளைகள் அன்பு மிகுதியால் காரைக் கழுவியிருக்கிறார்கள். போனட்டைத் திறந்து, பம்ப் வைத்து, எஞ்சினையும் சேர்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கு வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்ணீர் நின்றது. ஆசான் அதன் மூடியைக் கழற்றி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினார். வண்டி உடனே பிடித்தது.

"முழுக்கு ஞானஸ்நானம் மனுஷனுக்கு உள்ளதாக்கும் அய்யரே. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேண்டாம்" என்றார். போதகர் அந்த வருடம் முழுவதும் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பிரசங்கமே செய்யவில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆசானின் அடுத்த வழக்கத்தை நினைத்துத்தான் பெரிய மனிதர்கள் பலர் நெய்யாற்றின்கரை வரைக்கும் போய் வண்டி பார்த்தார்கள். வண்டி என்ன சத்தம் போட்டது என்பதை, வண்டிக்காரர் தன் வாயால் போட்டுக் காட்ட வேண்டும்.

பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் உண்டு. கஞ்சி போட்ட சேலை கசங்காமல் முப்பத்தைந்து வருடம் நடந்தவர். அவரை அந்தப் பின்சீட்டில் உட்காரவைத்து, "வண்டி எப்பிடிக் கெடந்து விளிச்சுது? ஒண்ணு காட்டும்" என்று ஆசான் கேட்டபோது, எதிரே பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் டீச்சரிடம் படித்தவர்கள். டீச்சர் சுற்றிலும் பார்த்தார். மெல்லிய குரலில், "கிர்ர்... கிர்ர்... டக்" என்றார்.

"டக்கா, டொக்கா?"

"டக்."

"நல்லா ஓர்த்துச் சொல்லணும் டீச்சரே. டக்குன்னா பேட்டரிப் பக்கம். டொக்குன்னா எனக்கு ரெண்டு நாளு வேல உண்டு."

டீச்சர் கண்ணை மூடி, நன்றாக நினைவுபடுத்தி, உரத்த குரலில் "டக்" என்றார். பஸ் ஸ்டாப்பில் யாரோ கைதட்டினார்கள். ஆசான் எழுந்து போய், பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, தளர்ந்திருந்த நட்டை முறுக்கினார். அவ்வளவுதான் வேலை. ஆனால் டீச்சர் அந்த "டக்"கை மறக்கவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனி என் காருக்கு வருகிறேன். இருபத்தைந்து வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டி. நான் குளத்தூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். என் மனைவி ஷீபாவின் வீடு பனச்சமூட்டுக்குப் பக்கம். ஷீபாவின் அண்ணன் வில்சன் கீ இல்லாமல் பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்கிற புது வண்டி வைத்திருக்கிறார். அவர் வீட்டு முற்றத்தில் என் வண்டியை நான் நிறுத்தும்போதெல்லாம், ஏதோ துக்க வீட்டுக்கு வந்தவர்போல அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, "அளியா, இது இப்பமும் ஓடுகா?" என்று கேட்பார். எங்கள் பக்கத்தில் மைத்துனனை அளியன் என்பது. ஓடித்தானே வந்திருக்கிறேன் என்று நானும் பத்து வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அந்தப் பதிலுக்கும் கேடு வந்தது. கார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும். பிறகு நின்றுவிடும். செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. கால் மணி நேரம் சாலையோரத்தில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அறிவுரை வாங்கிவிட்டு மறுபடி கீயைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். மறுபடி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

இந்த நேரம் பார்த்து ஷீபாவின் தங்கை ஜின்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாறசாலைப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாரின் பழைய மிஷன் கோயிலில் கல்யாணம். பெண்ணை வில்சனின் புது வண்டியில் கொண்டுபோவது என்று எல்லோரும் தீர்மானித்த பிறகு, ஜின்சி ஒரே சொல்லில் அதை மாற்றினாள். பழைய வண்டியில் போனால்தான் போட்டோ நன்றாக இருக்குமாம். அத்தானின் வண்டிதான் வேண்டும். என் வண்டியை ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டது அதுவே முதல் தடவை. வில்சன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வழியில நின்னா நான் பொறத்தால வாறேன் அளியா. பயப்படாண்டாம்" என்றார். வண்டி நிற்கும் என்பதில் அவருக்கு இருந்த விசுவாசம் வேதத்தில் இருந்திருந்தால் எப்போதோ சபை மூப்பர் ஆகியிருப்பார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பொறு ஆசானிடம் போனேன். பின்சீட்டில் உட்கார்ந்தேன். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். வண்டியை என்ன செய்தீர் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். அதை நான் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் தயவுசெய்து நம்ப வேண்டும்.

பிறகு அவர், "நிக்கும்போ எப்பிடிச் சத்தம்? காட்டும் சாரே" என்றார்.

பஸ் ஸ்டாப்பைப் பார்த்தேன். என் சங்கத்து மெம்பர்கள் மூன்று பேர் நின்றார்கள். என் கார் உண்மையில் நிற்கிற விதம் மிகவும் கேவலமானது. ஒரு முறை இழுக்கும், ஒரு முறை குலுங்கும், விக்கல் எடுத்தவன்போல நாலைந்து தடவை டுர்ர், டுக், டுர்ர், டுக் என்று முனகி, கடைசியில் பெருமூச்சு விட்டு அடங்கும். அதை வாயால் செய்து காட்டுவதானால் தோளையும் குலுக்கியாக வேண்டும். நான் ஒரு கிளார்க். எனக்கும் ஒரு மரியாதை உண்டு.

"டப்புன்னு நிக்கும்" என்றேன்.

"அவ்வளவுதானா? இழுக்காதா, குலுங்காதா?"

"இல்ல. டப்புன்னு."

ஆசான் டயரிலிருந்து எழுந்தார். விளக்கை அணைத்ததுபோல டப்பென்று நின்றால் கரண்டில் கேடு, இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோலில் கேடு. இதுதான் அவர் கணக்கு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். என் ஒரு டப்பை நம்பி அவர் ஒரு வாரம் கரண்டுப் பக்கமே தேடினார். பிளக்கைக் கழற்றித் தேய்த்தார். காயிலைச் சூடாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. வேறு மெக்கானிக் என்றால் இதற்குள் நாலு சாமான் மாற்றியிருப்பார். கேடில்லாத சாமானை மாற்றுவது ஆசானுக்குக் களவு எடுப்பது மாதிரி. இனி பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும், ரெண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போம் என்றார். எனக்கு அழைப்பிதழ் கொடுக்கப் பொழியூர் வரைக்கும் போக வேண்டியிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் நான் சொல்லாமலேயே ஆசான் வந்து நின்றார். வெளுத்த வேட்டி, சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். கேடு கண்டுபிடிக்காத வண்டியில் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பூ அலங்காரத்துக்கு நடுவில் ஆசானின் தலை தெரிகிறது, அவரை இறங்கச் சொல்லுங்கள் என்று வீடியோக்காரர் என்னிடம் கெஞ்சினார். ஆசான் அவரிடம் ஒரே சொல் சொன்னார். என்ன சொல் என்று உங்களுக்குத் தெரியும். பின்னால் ஜின்சியும் ஷீபாவும். எங்களுக்குப் பின்னால், சொன்ன வாக்கு தவறாமல், வில்சனின் புது வண்டி.

பாறசாலை எட்ட இன்னும் கொஞ்ச தூரம்தான். ஒரு ஏற்றத்தில் வண்டி இழுத்தது. குலுங்கியது. டுர்ர், டுக், டுர்ர், டுக் என்று விக்கி, பெருமூச்சு விட்டு ஓரத்தில் அடங்கியது. ஆசான் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இதா நீரு காட்டின டப்பு?"

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷீபா பின்னாலிருந்து என் சீட்டை இரண்டு தட்டுத் தட்டினாள். மீதி வீட்டில் வைத்து என்று அதற்கு அர்த்தம். கோயிலில் மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. ஜின்சி கையிலிருந்த பூச்செண்டை இறுக்கிப் பிடித்தபடி, "அத்தான், போயிரலாம் இல்லியா?" என்று கேட்டாள். என் வண்டியைக் கேட்டுவாங்கிய ஒரே ஆள் அவள்.

ஆசான் இறங்கினார். போனட் பக்கம் போகவில்லை. நேரே பின்னால் போய் பெட்ரோல் டாங்கின் மூடியைத் திருகினார். அது திறந்ததும், வெகுநேரம் மூச்சுப் பிடித்திருந்தவன் காற்றை இழுப்பதுபோல, ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீளச் சத்தம். நானும் இறங்கிப் போனேன். ஆசான் மூடியைக் கையில் கவிழ்த்துப் பிடித்திருந்தார். அதன் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை உருண்டை. பசையில், தேர்தலுக்கு மை வைத்ததுபோல அத்தனை தெளிவாக என் கட்டைவிரல் ரேகை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், காருக்குள் பெட்ரோல் மணம் வருகிறது, தலை வலிக்கிறது என்று ஷீபா சொல்லிக்கொண்டே இருந்தாள். மூடியைப் பார்த்தேன். அதில் ஒரு சின்னத் துளை இருந்தது. கம்பெனிக்காரன் கவனிக்காமல் விட்ட ஓட்டை என்று முடிவு செய்தேன். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் உருட்டி ஒட்டுவோமே, அந்தப் பசையை எடுத்து அதை அடைத்தேன். மணமும் குறைந்தது; எப்படி என்று ஷீபாவிடம் சொல்லவில்லை. எஞ்சினியரிங் படிக்காமல் போனேனே என்று அன்று முழுவதும் எனக்காக நானே வருத்தப்பட்டேன். பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் காற்று போகிற வழி அந்தத் துளைதான் என்றும், அது அடைபட்டால் பெட்ரோல் மேலே ஏறாது என்றும், சும்மா நிற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து மறுபடி வண்டி ஓடும் என்றும், ஒரு சொல்கூடப் பேசாமல் அந்த மூடியை எனக்கு நேரே நீட்டியே ஆசான் விளக்கிவிட்டார்.

வில்சன் வந்துவிட்டார். அவர் முகத்தில் கல்யாணக் களை. "எந்தா ஆசானே பிரச்சனை? பெண்ண எனக்க வண்டியில ஏத்துங்கோ. அளியன் மெதுவா வரட்டு. இந்த மூடியில இதென்ன, யாரு செய்த வேல இது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போதகரையே விடாத மனிதர். தலைமை ஆசிரியையைத் தெருவில் கூவவைத்தவர். என்னை என்ன செய்யப் போகிறாரோ என்று நின்றேன்.

"எனக்க தப்பாக்கும்" என்றார் ஆசான். "மணம் வருதுன்னு சாரு சொன்னாரு. நான்தான் அடச்சு வச்சேன். மறந்து போச்சு. வயசாகுதில்லியா."

சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரால் பசையைக் குத்தித் துளையைத் திறந்தார். மூடியை மாட்டினார். என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நாலைந்து சுற்றில் வண்டி பிடித்தது. மணி அடிப்பதற்கு முன்னால் ஜின்சி கோயில் வாசலில் இறங்கினாள். சிரித்துக்கொண்டே இறங்கினாள். அந்தப் போட்டோவில் முன்சீட்டில் ஆசானின் பாதி முகமும் விழுந்திருக்கிறது. வீடியோக்காரர் அதை எவ்வளவு வெட்டப் பார்த்தும் முடியவில்லை.

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோயிலில் வைத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். கோயிலில் பாட்டு நடந்தது. விருந்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் வில்சன் இலைக்கு இலை போய், ஆசான் தானே ஓட்டையை அடைத்துவிட்டுத் தானே ஒரு வாரம் கேடு தேடின கதையைப் பரிமாறிக்கொண்டிருந்தார். பாயசத்தைவிட அதற்குத்தான் அதிகக் கிராக்கி. நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். நன்றாகவும் சாப்பிட்டேன், மறைக்கவில்லை.

ஒரு வாரத்தில் கதை வெள்ளறடை தாண்டிவிட்டது. ஆசானுக்குப் புத்தி பிசகிவிட்டது, வண்டியைக் கொடுத்தால் ஓட்டையெல்லாம் அடைத்துவிடுவார் என்று பேசினார்கள். வழக்கமாக வருகிற சில வண்டிகள் வரவில்லை. வந்தவர்கள், போதகரும் சேர்த்துத்தான், "வண்டிய நீங்க என்ன செய்தீங்க ஆசானே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருநாள் ஓய்வு பெற்ற டீச்சர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். வண்டியில் ஒரு கேடும் இல்லை, சும்மா வந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "டாங்கு அடஞ்சா வண்டி எங்ஙனெயா சத்தம் வைக்குந்நது ஆசானே? ஒந்நு காணிக்கூ" என்று, அன்று ஆசான் தன்னிடம் கேட்டதையே மலையாளத்தில் திருப்பிக் கேட்டார்.

அன்று நான் அங்கே இருந்தேன். ஆசான் தயங்கவே இல்லை. எழுந்து நின்று, தோளைக் குலுக்கி, தலையை ஆட்டி, டுர்ர், டுக், டுர்ர், டுக் என்று விக்கி, பெருமூச்சு விட்டுக் காட்டினார். பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. என் கார் கெட்ட கேட்டை என் காரே அவ்வளவு நன்றாகக் காட்டியதில்லை. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

டீச்சர் போனதும் கேட்டேன், ஏன் ஆசானே அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உனக்க அளியன் மொகத்துல ஒரு சந்தோஷம் கண்டேன். அது எனக்குப் பிடிக்கேல்ல" என்றார். அவ்வளவுதான் விளக்கம். அதுவரை என்னைச் சார் என்றும் நீர் என்றும் சொல்லிக்கொண்டிருந்தவர் அன்று ஒருமையில் பேசினார் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

இப்போது எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். வில்சன் பத்திரிகை வாங்குகிறவர் இல்லை. ஆகவே இந்த இதழின் ஒரு பிரதியை நானே கொண்டுபோய் அந்தப் புது வண்டியின் சீட்டில் வைத்துவிட்டு வருவதாக இருக்கிறேன். எழுதப் போகிறேன் என்று ஆசானிடம் முன்கூட்டியே சொன்னேன். ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தவர் சறுக்கி வெளியே வந்தார். கையைத் துடைத்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன்.

"எழுதாண்டாம் மக்கா" என்றார். "எனக்கு இனி எத்தன வண்டி வந்தென்ன, வராட்டா என்ன. இத ஷீபா வாசிப்பா. உனக்கு அவகூட இன்னும் ரொம்ப காலம் இருக்க உண்டு."

என் வீட்டில் எனக்கு நிம்மதி இருக்கிறதா என்று இதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை. நான்கூட.